ஆறு மாசப் பாப்பாவுக்குத் தேனும் டீ பிஸ்கட்டும்

சகோதரி, ஆறு மாசப் பாப்பாவுக்கு மாமியார் தினமும் நாக்குல தேன் தடவுறாங்க, எதிர்வீட்டு மராட்டி ஆஜி (பாட்டி) டீயில பிஸ்கட் நனைச்சு ஊட்டுறாங்கன்னு எழுதியிருக்கீங்க.

தேனை இன்னிக்கே நிறுத்துங்க. ஒரு வயசு முடியற வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். அதுல பாட்டுலிசம்ங்கிற, தசையைத் தளர வைக்கிற நோயை உண்டாக்குற கிருமியோட வித்துகள் இருக்கலாம். நம்ம குடல் தாங்கிக்கும். பச்சைக்குழந்தை குடல்ல அது முளைச்சு நஞ்சைக் கக்கும். வீட்டு அடுப்புல காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது, அதனால ராகிக் கூழ்லயும் கலக்காதீங்க. மலச்சிக்கல், பால் உறிஞ்சத் திணறல், அழுகுரல் மெலியறது, தலை துவள்றது, இதுல எதைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேன் கொடுத்ததை மறைக்காம சொல்லுங்க. இந்த அறிகுறிகள் தேன் கொடுத்து சில வாரம் கழிச்சும் வரலாம்.

டீ, இரும்புச்சத்து உடம்புல சேரவிடாது. இந்த வயசுலதான் அது ரொம்பத் தேவை. ஆஜிகிட்ட சண்டை வேண்டாம். மசிச்ச வாழைப்பழத்தைக் கிண்ணத்துல கொடுத்து, "நீங்களே ஊட்டுங்க"ன்னு சொல்லுங்க. மும்பை மாட்டுங்கால, வரிசையா ஒண்டுக்குடித்தனம் இருக்குற எங்க சால்ல (chawl) நான் அப்படித்தான் சமாளிச்சேன். பாசத்துல செய்யறவங்கதானே.

உப்பு, சர்க்கரை, வெல்லம் இப்போ வேண்டாம். பசும்பாலை டம்ளர்ல கொடுக்க ஒரு வயசாகட்டும். சாதத்துல ரெண்டு ஸ்பூன் தயிர் பிசையலாம்.

முழு வேர்க்கடலை, முழு திராட்சை கைக்கெட்டுற இடத்துலயே வைக்காதீங்க. பதினோரு மாசத்துல என் பையன் தொண்டையில ஒரு திராட்சை அடைச்சு, சத்தமே வராம முகம் நீலமாச்சு. முன்கையில குப்புறப் போட்டு முதுகுல நாலு தட்டு தட்டினப்புறம்தான் வெளியே வந்தது. அன்னிலேர்ந்து திராட்சையை நீளவாக்குல நாலா நறுக்காம கொடுத்ததில்ல.