கோடிக்கணக்கானோர் பார்த்த தொடரை ‘கல்ட்’ எனலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஒளிபரப்பு முடிந்து ஆண்டுகள் ஆன பின்னும் ஒரு தொடரைத் திரும்பத் திரும்பப் பார்த்து, வசனம் வசனமாக அலசி, அதற்கென்றே ஒன்றுகூடும் ரசிகர் வட்டம் இருந்தால் அது கல்ட் தொடர். பார்க்க வேண்டியது பற்றின் ஆழத்தை. தலைக்கணக்கு வேறு சங்கதி. கடற்கரையில் ஆயிரம் பேர் கால் நனைப்பார்கள், சிலர்தான் மூச்சடக்கி முங்குவார்கள். கடல் ஒன்றுதான்.

அமெரிக்காவின் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடர் 1966-ல் என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியபோது பெரிய வரவேற்பில்லை. நிறுத்தப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதும் ரசிகர்கள் கடிதங்களாக எழுதிக் குவித்தார்கள். மூன்றாவது சீசன் வந்தது. 1969-ல் 79 எபிசோடுகளோடு நின்றது. உள்ளூர் சேனல்களின் மறுஒளிபரப்பில்தான் கூட்டம் பெருகியது. 1972-ல் நியூயார்க்கில் ரசிகர் மாநாடே நடந்தது! இன்று உலகறிந்த பெயர், ஆனாலும் அந்த வட்டம் கலையவில்லை.

‘ட்வின் பீக்ஸ்’ என்ற அமெரிக்க மர்மத் தொடர் இதற்குத் தலைகீழ். 1990-ல் பெருங்கூட்டத்தோடு தொடங்கி, மறு ஆண்டே நின்றுபோனது. எஞ்சிய ரசிகர்களோ 2017-ல் அது திரும்பி வரும்வரை விடவில்லை.

‘ஓடாத தொடர்தான் கல்ட்’ என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாமல் நின்ற தொடர்களில் பெரும்பாலானவற்றை இன்று நினைப்பாரே இல்லை.