மியூஸ்ஸ்கோர் என்ற இசைக்குறியீட்டு மென்பொருளில் முழு ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் சேர்ந்ததை) எழுதி முடித்துவிட்டேன். ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் தனித்தனி பார்ட் (அவருடைய வரி மட்டும் உள்ள தாள்) எடுப்பது எப்படி?

எடுப்பது சுலபம். மியூஸ்ஸ்கோர் 4-இல் மேலே ‘பார்ட்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வாத்தியத்துக்கு ஒரு பார்ட் தயார். ஸ்கோரில் ஒரு நோட்டைத் திருத்தினால் பார்ட்டிலும் தானாகவே திருந்திவிடும். ஆனால் வந்ததை அப்படியே அச்சடித்துக் கொண்டுபோகாதீர்கள். நான் கொண்டுபோய் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு ஐந்து பேர்: புல்லாங்குழல், கிளாரினெட், இரண்டு வயலின், செல்லோ. கையசைத்து நடத்த ஆள் கிடையாது. கடைசி நாலு பாரில் (பார் என்றால் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு கட்டம்) வேகம் குறையவேண்டும் என்று ‘ரிட்.’ போட்டிருந்தேன். ஸ்கோரில் அது எல்லாருக்கும் பொதுவாக உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஒத்திகையில் புல்லாங்குழல் அண்ணன் மட்டும் இழுத்து நிதானிக்க, மற்ற நாலு பேரும் அதே வேகத்தில் முடித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்! நான் போட்டது ஸ்டாஃப் டெக்ஸ்ட். அது எந்த வரியில் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பார்ட்டுக்கு மட்டும்தான் போகும். எல்லாருக்கும் போகவேண்டியதை சிஸ்டம் டெக்ஸ்டாகப் போடுங்கள் (கன்ட்ரோல், ஷிஃப்ட், டி). வேகக் குறிப்பு என்றால் டெம்போ பட்டியலிலிருந்தே எடுத்துப் போடுவது இன்னும் நல்லது.

அடுத்தது ரெஸ்ட், அதாவது வாசிக்காமல் இருக்கிற இடம். செல்லோவுக்கு 40 பார் சும்மா இருக்கிற வேலை என்றால், பார்ட்டில் ஒரே தடித்த கோடும் மேலே 40 என்ற எண்ணும் வரும். வெற்று பார்களாகவே நின்றால் எம் விசையை அழுத்துங்கள், சேர்ந்துகொள்ளும். ஆனால் 40 வரை தப்பாமல் எண்ணுகிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. பல்லவி திரும்புகிற இடம், ராகம் மாறுகிற இடம் என்று பார்த்து ஸ்கோரில் ஏ, பி, சி என ஒத்திகை எழுத்துகளைப் போடுங்கள். ரெஸ்ட் அங்கங்கே உடைந்து 8, 16, 16 என்று நிற்கும். வாசிப்பவருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

பக்கம் திருப்புவதையும் யோசியுங்கள். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். ரெஸ்ட் வருகிற பாரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், என்டர் அழுத்தினால் பக்கம் அங்கே முடியும். பார்ட்டுக்குள் செய்தால் ஸ்கோரின் அமைப்பு கலையாது. கீழே பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

பி ஃப்ளாட் கிளாரினெட் இருந்தால் அந்தப் பார்ட்டைத் திறந்து ‘கான்செர்ட் பிட்ச்’ (காதில் கேட்கிற சுருதியிலேயே நோட்டுகளைக் காட்டும் பொத்தான்) அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் அவர் வாசிப்பதெல்லாம் ஒரு முழு டோன் கீழே கேட்கும்.

அப்புறம்தான் எக்ஸ்போர்ட். பி.டி.எஃப். எடுத்ததும் நான் ஒவ்வொரு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, கணினியில் முழு ஸ்கோரையும் ஓடவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் விரலால் தொடர்ந்து போவேன். ஐந்து பார்ட், ஐந்து தடவை.