தொண்டையில் குழாய் இறங்கும்போது பி.பி. ஏன் எகிறுகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. பி.பி.க்கு டெல்மிசார்டன், மெட்டோபிரோலால் சாப்பிடுகிறார். மதுரையில் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முழு மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் விடும்போது பி.பி. எகிறும் என்கிறார்கள். மயங்கிக் கிடப்பவருக்கு எப்படி எகிறும்? அன்று காலை மாத்திரை போடலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: நினைவு தப்பினாலும் தொண்டை நரம்புகள் விழித்தேதான் இருக்கும். தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவி நாக்கின் அடியைத் தூக்கியதும், உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. மானிட்டரின் 'டிக் டிக்' சட்டென்று நெருங்கும். 75-இல் இருந்த துடிப்பு 110-ஐத் தொடும், பி.பி.யும் கூடவே எகிறும். ஒன்றிரண்டு நிமிடத்தில் உச்சம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பி.பி.காரர்களுக்கு இந்த ஏற்றம் கூடுதல்.

மயக்க மருந்துகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பால்போல் வெளுத்த புரோபோஃபால் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி முதலில் பி.பி.யை இறக்கும், குழாய் நுழைந்ததும் அதே பி.பி. மேலே பாயும். எட்டோமிடேட் இதயத்தை அதிகம் சீண்டாது, ஆனால் இந்தப் பாய்ச்சலைத் தடுப்பதில் சோடை. கீட்டமின் தானே பி.பி.யை ஏற்றிவிடும், அம்மாவைப் போன்றவர்களுக்கு நான் அதைத் தொடத் தயங்குவேன்.

பாய்ச்சலை நன்றாக அடக்குவது ஃபென்டனில் என்ற வலுவான வலிநிவாரணி. ஆனால் ஊசி போட்டு மூன்று முதல் ஐந்து நிமிடம் கழித்தே அதன் முழு வேகம் தெரியும். பயிற்சிக் காலத்தில் அவசரப்பட்டு, போட்ட கையோடு குழாயை விட்டுவிட்டு மானிட்டரைப் பார்த்து நான் விழித்திருக்கிறேன். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், இதயத் துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால் ஊசிகளும் கைவசம் உண்டு. இவற்றோடு கைப்பழக்கமும் மருந்துதான்: 15 விநாடிக்குள் குழாயை விட்டுவிட்டால் ஏற்றம் குறைவு.

இனி மாத்திரை. மெட்டோபிரோலாலை நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயம் தறிகெட்டு ஓடும். அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரில் போட வேண்டும். டெல்மிசார்டனைப் பொதுவாக 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வோம். அது உடம்பில் இருந்தால் புரோபோஃபால் போட்டதும் பி.பி. பாதாளத்துக்குப் போகலாம். இறுதி முடிவு அம்மாவைப் பரிசோதிக்கும் மயக்க மருத்துவருடையது.

அவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரை அட்டைகளை மஞ்சப்பையில் போட்டு அப்படியே எடுத்துச் செல்லுங்கள். "காலையில் ஒரு வெள்ளை மாத்திரை" என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. இந்த இரண்டு மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்து வருவதும் உண்டு. அம்மாவுடையது அப்படியென்றால், அதற்குப் பதில் எதைப் போடுவது என்று அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.