கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டால் நிலுவையிலுள்ள வினா என்னாகும்?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தின் புனரமைப்புக் குறித்து வன்னி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாய்மூல வினாவுக்கு அறிவித்தல் கொடுத்துள்ளார். விடை வருமுன் ஜனாதிபதி கூட்டத்தொடரை முடிவுறுத்தினால் அது அற்றுப்போகுமா?

பதில்: வினா தானாகத் தொடராது, ஆனால் விடயம் சாவதுமில்லை. இலங்கை அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, பாராளுமன்றத்தைக் கூட்டவும், கூட்டத்தொடரை முடிவுறுத்தவும் (அதாவது சபையைக் கலைக்காமல் நடப்புத் தொடரை மட்டும் முடித்துவைக்கவும்), பாராளுமன்றத்தைக் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அதிகாரம் அளிப்பதோடு, உரியவாறு சபைமுன் வந்து முடிவு காணப்படாத கருமங்களை அடுத்த கூட்டத்தொடரில் தொடரலாம் என்றும் கூறுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'தொடரலாம்' என்பதே. நடைமுறையில், முடிவுறுத்தலோடு ஒழுங்குப் பத்திரம் (சபையின் அலுவல் பட்டியல்) வெறுமையாகிவிடுவதால், வினாவோ பிரேரணையோ மீண்டும் வரவேண்டுமானால் உறுப்பினர் புதிதாக அறிவித்தல் கொடுக்க வேண்டும். சபை தானே அடுத்த அமர்வு நாள்வரை ஒத்திவைத்துக்கொள்ளும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. செய்திகளில் இரண்டையும் 'ஒத்திவைப்பு' என்றே எழுதிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

இந்த அதிகாரத்துக்கு உள்ள முக்கியமான கடிவாளம் காலம். முடிவுறுத்தும் பிரகடனத்திலேயே அடுத்த கூட்டத்தொடரின் திகதி குறிக்கப்பட வேண்டும். அது இரண்டு மாதத்துக்கு மேற்படக்கூடாது. குறித்த திகதிக்கு முன்னரும், குறைந்தது மூன்று நாள் இடைவெளி விட்டு, சபையைக் கூட்டலாம். காரணம் சொல்லும்படி அந்த உறுப்புரை கேட்பதில்லை. என் பார்வையில் அதன் பலவீனம் அதுதான். 2001 ஜூலையில், அரசுக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை காத்திருந்த வேளையில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குச் சபையை மூடினார். 2018 ஒக்டோபர் 27 அன்று, பிரதமரை நீக்கிய மறுநாளே, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நவம்பர் 16 வரை கூட்டத்தொடரை முடிவுறுத்தினார். அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தீர்த்தது நவம்பர் 9 அன்று அவர் செய்த கலைப்பையே, முடிவுறுத்தலை அல்ல.

ஆகவே, வர்த்தமானி அறிவித்தல் வெளியானதும் அதிலுள்ள திகதியைக் குறித்துக்கொண்டு, புதிய கூட்டத்தொடர் தொடங்கியவுடன் வினாவை மீண்டும் கையளிக்குமாறு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். பழைய அறிவித்தலின் பிரதியையும் இணையுங்கள். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் மட்டுமே எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும், அதுவும் ஒருவேளை வேறோர் உறுப்பினரிடம்.