வாசகர் கேள்வி – பதில்: சார்ல்ஸ்டன் துறைமுக நகரில் இரண்டு நாள்

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் சார்லட் நகரில் பணிபுரிகிறான். மார்ச் மாதம் அங்கு வரும் எங்களைத் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகருக்கு இரண்டு நாள் அழைத்துச் செல்வதாகச் சொல்கிறான். அங்கே எதை முதலில் பார்ப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல பருவத்தில்தான் செல்கிறீர்கள். மார்ச் பிற்பகுதியில் தோட்டங்களெல்லாம் அசேலியா பூத்துக் குலுங்கும். கோடைப் புழுக்கமும் இராது, ஜூன் முதல் நவம்பர் வரை நீளும் சூறாவளிக் காலத்தின் கவலையும் இராது. ஆஷ்லி, கூப்பர் ஆகிய இரண்டு ஆறுகளுக்கு நடுவே கடலை நோக்கி நீண்டிருக்கும் பழைய நகரை நடந்தே பார்த்துவிடலாம்.

வழிகாட்டிகள் பலரும் ஈஸ்ட் பே தெருவில் வண்ணம் பூசிய 13 வீடுகள் வரிசையாக நிற்கும் ‘ரெயின்போ ரோ’விலிருந்துதான் தொடங்குவார்கள். அங்கே மாலையில் சென்றால் போதும். முதல் நாள் காலையில் கூப்பர் ஆற்றங்கரையில் உள்ள காட்ஸ்டன் துறைக்குச் செல்லுங்கள் என்பதே என் பரிந்துரை. ஆப்பிரிக்காவிலிருந்து வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் சார்ல்ஸ்டன் வழியாகவே வந்தனர் என்று மதிப்பிடுகிறார்கள்; அவர்களில் பெருந்தொகையினர் கரையிறங்கிய இடம் இது. 2023 ஜூனில் இங்கே திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம், அந்த மண்ணை அழுத்தக் கூடாது என்ற எண்ணத்தோடு, தரைக்கு 13 அடி உயரத்தில் தூண்களின் மேல் நிற்கிறது. கீழே ஆழமில்லாத நீர்ப்பரப்பு ஒன்று உண்டு. நீர் வடியும்போது, கப்பலின் அடித்தட்டில் நெருக்கிக் கிடத்தப்பட்ட மனிதர்களின் உருவங்கள் தரையில் தெளிவாகத் தெரியும். நீர் ஏறும்போது அவை மூழ்கும். அந்த இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். அதன்பின் தெருக்களில் நடந்தால், இந்த அழகிய நகரை எழுப்பிய கைகள் யாருடையவை என்பது கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். பழைய செங்கற்கள் சிலவற்றில் அவற்றை அறுத்த அடிமைகளின் விரல்தடங்கள் இன்றும் பதிந்திருக்கின்றன.

அடுத்துச் சிட்டி மார்க்கெட். அடிமைகளை விற்ற சந்தை இதுதான் என்று பலர் தவறாகச் சொல்வார்கள்; இங்கே விற்கப்பட்டவை இறைச்சியும் மீனும் காய்கறியுமே. மனிதர்களை ஏலம் விட்ட இடங்களில் ஒன்று சாமர்ஸ் தெருவில் அருங்காட்சியகமாக உள்ளது, அதையும் தவறவிடாதீர்கள். மார்க்கெட்டில், அடிமைகளாக வந்த ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்களான ‘கல்லா’ (Gullah) இனப் பெண்கள் அமர்ந்து கூடை பின்னுவதை அருகில் நின்று கவனியுங்கள். நறுமணப் புல்லைக் கற்றையாகச் சேர்த்து, வட்டவட்டமாகச் சுருட்டி, பனை இனத்தைச் சேர்ந்த பால்மெட்டோ ஓலைக் கீற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கீற்றை நுழைக்கத் துளையிடும் கருவி பெரும்பாலும் கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்ததாகவே இருக்கும். இக்கூடைகளின் மூதாதை, நெல் புடைக்கப் பயன்பட்ட முறம். விலை அதிகம்தான்; சிறிய கூடைக்கே பல மணி நேர உழைப்பு தேவைப்படுகிறது என்பதால் பேரம் பேசாதீர்கள்.

கேள்வி: அங்குள்ள பண்ணை மாளிகைகளில் எது சிறந்தது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தோட்டக்கலை மட்டும் போதுமென்றால் 1741-இல் தொடங்கப்பட்ட மிடில்டன் பிளேஸ் ஒன்றே போதும், படிப்படியாக ஆற்றை நோக்கி இறங்கும் அதன் புல்வெளிகள் கண்ணை நிறைக்கும். ஆனால் ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறதென்றால், ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியாட் பண்ணைக்கே செல்லுங்கள். அங்கு மாளிகையை விட, கருவாலி மரங்களுக்கு அருகே வரிசையாக நிற்கும் அடிமைக் குடில்களைப் பற்றியே வழிகாட்டிகள் அதிகம் பேசுகிறார்கள்.

தஞ்சையிலிருந்து எழுதுவதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்நகரின் பழஞ்செல்வம் பெரும்பகுதி நெல்லால் வந்தது. கடலில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) ஏறும்போது ஆற்றின் நன்னீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு மேலெழும். அந்த நேரத்தில் மடையைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சி, ஓதம் இறங்கும்போது வடித்தார்கள். சதுப்புக் காட்டை வெட்டிக் கரையெழுப்பியவர்கள் அடிமைகள். நெல் சாகுபடியின் நுட்பத்திலும் மேற்கு ஆப்பிரிக்க உழவர்களின் அறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. மாளிகையின் வரவேற்பறையில் நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேள்வி: பத்து வயதுப் பேரனுக்குப் பிடிக்கும்படி என்ன இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: சம்டர் கோட்டைக்குப் படகில் அழைத்துச் செல்லுங்கள், அரை மணி நேரப் பயணம், வழியில் ஓங்கில்களும் (டால்பின்) தென்படக்கூடும். 1861 ஏப்ரல் 12 அன்று இக்கோட்டையின் மீது நடந்த குண்டுவீச்சில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. படகில் போகும்போதே ராபர்ட் ஸ்மால்ஸின் கதையைச் சொல்லுங்கள். அடிமையான அந்த மாலுமி, 1862 மே 13 விடியுமுன் ‘பிளான்டர்’ என்ற நீராவிக் கப்பலைத் தோழர்களோடு கைப்பற்றி, குடும்பத்தினரையும் ஏற்றிக்கொண்டு, கப்பல் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, கோட்டைக் காவலர்களுக்குச் சரியான ஊதல் சைகையும் கொடுத்து, இதே நீர்வழியே, தென் மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். எந்தச் சாகசக் கதைக்கும் குறைந்ததல்ல இது.

மறுகரையில் யார்க்டவுன் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஏறிப் பார்க்கலாம். 2005-இல் திறந்த ராவனெல் பாலத்தில் நடைபாதை உண்டு. சுமார் 4 கி.மீ. நீளம் என்பதால் மாலை வெயில் தாழ்ந்தபின் செல்லுங்கள். கடலில் குளிக்க ஃபாலி கடற்கரை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
– வாசகி, சேலம்

பதில்: கிடைக்கும், ஆனால் கேட்டு உண்ண வேண்டும். தக்காளிச் சோறு போலத் தோன்றும் கல்லா சிவப்புச் சோற்றிலும், பெயரளவில் கீரையான காலர்ட் மசியலிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம்; வெண்டைக்காய்ச் சூப்பிலும் இறால் இருக்கலாம். அசைவம் உண்ணாதவர்கள் கவலையின்றி வாங்கக்கூடியது பென்னே வேஃபர் என்ற மெல்லிய எள் பிஸ்கட். முட்டையும் கூடாதென்றால் அதையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.