எடுப்பவர் ரசிகராக இருக்க வேண்டுமா?

கேள்வி: நானும் என் தம்பியும் சிறு வயதிலிருந்தே வெளிநாட்டு அறிவியல் புனைகதைத் தொடர்களைச் சேர்ந்து பார்த்து வளர்ந்தவர்கள். நின்றுபோன ஒரு தொடரை மறுபடி தொடங்கும்போது, எடுப்பவர் அதன் ரசிகராக இல்லையென்றால் பார்க்கவே மாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை; ஆனால் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பேச்சு முற்றி, ஒரு வாரமாக இருவரும் சேர்ந்து எதையும் பார்ப்பதில்லை. யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தான் ஓடி விளையாடிய வீட்டை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று கேட்டால் மனம் பதறத்தானே செய்யும்? அவருடைய பயம் நியாயமானது. அவர் கையில் வைத்திருக்கும் அளவுகோல்தான் தவறு.

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பாகி நின்ற தொடர், 1979இல் சினிமாவாக வந்தது. தயாரித்தவர் அதைப் படைத்த ஜீன் ராடன்பெரி. அவரைவிட அதை நேசித்தவர் யார் இருக்க முடியும்? ஆனாலும் செலவு எகிறியது, படம் மந்தமாக நகர்கிறது என்ற குறையும் எழுந்தது. அடுத்த படம் ஹார்வ் பென்னெட் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளரின் கைக்குப் போனது. அவர் ரசிகர் அல்லர். ஆனால் பழைய தொடரின் 79 அத்தியாயங்களையும் உட்கார்ந்து பார்த்தார். 1967இல் வந்த ஓர் அத்தியாயத்தில் கான் என்ற எதிரியை ஒரு கிரகத்தில் விட்டுவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்பதைத் தொடர் சொல்லவே இல்லை. பென்னெட் அந்த இடத்தில் கை வைத்தார். இயக்குநர் நிக்கோலஸ் மேயருக்கும் ஸ்டார் ட்ரெக் பழக்கமில்லாத உலகம்தான்.

1982இல் வந்த அந்தப் படத்தில் நாயகன் கிர்க்குக்குப் பிறந்தநாள். நண்பர் மெக்காய் ஒரு பழைய மூக்குக்கண்ணாடியைப் பரிசளிக்கிறார். கிர்க்கின் முகம் வாடிவிடுகிறது. பிறகு சண்டையின் நடுவே, எதிரிக் கப்பலின் கவசத்தை இறக்க வேண்டிய நேரத்தில், அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் அவரால் படிக்க முடிகிறது. கிர்க்குக்கு வயதாகிவிட்டது என்பதை வெளியிலிருந்து வந்தவர்கள் தயங்காமல் சொன்னார்கள். இன்றைக்கும் ரசிகர்களில் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அந்தப் படத்தைத்தான்.

இதை வைத்து ரசிகரே வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனின் பிபிசி ஒளிபரப்பிய டாக்டர் ஹூ தொடர் 1963இல் தொடங்கி 1989இல் நின்றது. 1996இல் அதை ஒரு தொலைக்காட்சிப் படமாக எழுப்பிய பிலிப் சீகல், சிறு வயதிலிருந்தே அதை நேசித்தவர். படம் தொடங்கும்போதே பழைய பகைவர்கள், பழைய கிரகங்கள், பழைய நாயக நடிகர் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டியது. புதிதாக வந்தவர்கள் திணறினார்கள். அமெரிக்காவில் போதிய பார்வையாளர்கள் இல்லாமல் அது தொடராக வளரவில்லை. 2005இல் வந்த ரசல் டி டேவிஸும் சிறு வயது ரசிகர்தான். ஆனால் அவர் கதையைத் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கண் வழியாகத் தொடங்கினார். நாயகனின் சொந்தக் கிரகமே போரில் அழிந்துவிட்டது என்று வைத்தார். புகழ்பெற்ற எதிரிகளான டாலெக்குகளில் முதலில் ஒன்றே ஒன்றை, அதுவும் ஆறாவது அத்தியாயத்தில்தான் காட்டினார். எதை விட வேண்டும் என்று தெரிந்த ரசிகர் அவர்.

நம் பக்கத்துக் கூத்தில் நான் பார்த்ததும் இதுதான். பல வருடங்களுக்கு முன் தர்மபுரி அருகே ஓர் ஊரில் பாரதம் வைத்திருந்தார்கள். கூத்து என்றால் உயிரை விடும் உள்ளூர்க்காரர் ஒருவர் ஓர் இரவு வேடம் கட்டினார். தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடினார். கிழக்கு வெளுத்துவிட்டது, பாஞ்சாலியின் துகிலை உரியும் கட்டம் வரவே இல்லை. பெண்கள் எழுந்து பால் கறக்கப் போய்விட்டார்கள். அதே பாரதத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், வாத்தியார், பகலெல்லாம் கோயில் திண்ணையில் வயதான பூசாரியோடு உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் துரியோதனன் மண் உருவத்தை எந்த இடத்தில் போடுவார்கள், பாஞ்சாலி எங்கே நின்று கூந்தல் முடிப்பாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். துரியோதனன் வீழும் படுகளத்தன்று ஊரே அழுதது. அந்த வாத்தியாருக்கு அந்த ஊர் மீது என்ன பாசம் இருந்திருக்கும்? வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஆகவே, அடுத்த முறை யாராவது ஒரு பழைய தொடரை எழுப்பப் போவதாகச் செய்தி வந்தால், அவர் ரசிகரா என்று தேடச் சொல்லாதீர்கள். பழையதைப் பார்த்துவிட்டு வருகிறாரா, அதில் முடியாமல் நின்ற எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். 'எனக்கு இதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை' என்று ஒருவர் சொன்னால், உங்கள் தம்பியோடு சேர்ந்து நானும் கோபப்படுவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 1967இன் கான் அத்தியாயத்தை முதலில் போடுங்கள், பிறகு 1982 படத்தை. எடுத்தவர்கள் யார் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். கிர்க் அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டும் இடம் வந்ததும் சொல்லுங்கள்.