பாக்ஸ் இங்கே, பாயிண்ட் அங்கே

கேள்வி: டிவியை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். கேபிள் பாயிண்ட் 30 அடி தள்ளி இருக்கிறது. வீட்டில் கிடந்த ஒயரைப் பழைய ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி இழுத்தேன். படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பாக்ஸ் போச்சா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: பாக்ஸ் மேல் பழி போடாதீங்கம்மா. அந்த முறுக்கல் மேல்தான் எனக்குச் சந்தேகம். கிருஷ்ணகிரியில் என் வீட்டிலேயே இந்தக் கூத்து நடந்தது. மாங்காய் சீசனில் ஒரு மழை. டேப்பைப் பிரித்தால் உள்ளே ஈரம், செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

கேபிள் டிவிக்குப் போடும் 75 ஓம் ஆர்ஜி-6 ஒயரை ஒரே துண்டாக வாங்குங்க. 30 அடிக்குச் சிக்னல் பெரிதாகக் குறையாது. இரண்டு முனையிலும் எஃப் கனெக்டர், அதாவது திருகி மாட்டும் உலோக முனை. நடுக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கணும். சுற்றியிருக்கும் வலைக்கம்பியின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட், படமே வராது. வழியில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் கழற்றிடுங்க, இரண்டாகப் பிரித்தாலே சிக்னல் பாதிக்கும் கீழே போய்விடும்.

பாக்ஸை பாயிண்ட் பக்கமே வைத்து நீளமான ஹெச்டிஎம்ஐ ஒயர் இழுக்கலாம்தான். அப்புறம் டிவியைப் பார்த்துக்கொண்டு ரிமோட்டை முதுகுப்பக்கம் நீட்டணும், பரவாயில்லையா?

இதற்குப் பிறகும் உடைந்தால், கேபிள்காரரிடம் சிக்னல் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க.